செஸ் ஓப்பனிங்: படிக்க எவ்வளவு நேரம்?

செஸ் ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களை ஓப்பனிங் என்பார்கள். குதிரைகளும் பிஷப்புகளும் வெளியே வரவேண்டும், நடுக்கட்டங்களில் சிப்பாய்கள் கால் ஊன்றவேண்டும், கேஸ்லிங் செய்து ராஜா பத்திரமான மூலைக்குப் போகவேண்டும். இவ்வளவும் நடந்துவிட்டால் ஓப்பனிங் முடிந்தது. இதை ஒரு குழந்தைக்கு ஒரே பிற்பகலில் புரியவைத்துவிடலாம். ஆனால் செஸ் பற்றி அச்சேறிய புத்தகங்களில் பெரும்பங்கு இந்தச் சிறிய கட்டத்தைப் பற்றியவைதான். இணையத்தில் விற்கும் பாடங்களிலும் யூடியூப் காணொளிகளிலும் இதே கதை. பிள்ளையை செஸ் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோரும் எந்த ஓப்பனிங் சொல்லித் தருவார்கள் என்றுதான் விசாரிக்கிறார்கள். நாற்பது ஐம்பது நகர்த்தல்கள் ஓடும் ஆட்டத்தில் முதல் பத்துப் பதினைந்துக்குப் படிப்பு நேரத்தில் எவ்வளவு கொடுப்பது என்ற கணக்கு பள்ளிச் சிறுவன் முதல் உலக சாம்பியன் வரை எல்லோருக்கும் உண்டு. விடைதான் ஆளுக்கு ஆள் மாறும்.

மனப்பாடம் செய்தே இந்தக் கட்டத்தைக் கடந்துவிடலாம் என்று நினைப்பவருக்கு எண்களே பதில் சொல்லிவிடும். வெள்ளைக்கு முதல் நகர்த்தலில் 20 வழிகள் உண்டு. எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம். இரண்டு குதிரைகளுக்கும் தலா இரண்டு இடங்கள். கறுப்புக்கும் அதே 20 என்பதால், ஆளுக்கு ஒரு முறை நகர்த்தியதும் 400 வழிகள் ஆகின்றன. ஆளுக்கு இரண்டு முறை நகர்த்தி முடிப்பதற்குள் அது 1,97,281 ஆகிவிடும். இவற்றில் பெரும்பாலானவை உருப்படாத நகர்த்தல்கள் என்பது உண்மை. ஆனால் பள்ளிப் போட்டிகளிலும் கிளப் ஆட்டங்களிலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த உருப்படாத நகர்த்தலைத்தான் நான்காவது முறையிலேயே ஆடிவைக்கிறார். புத்தகத்தில் பதினெட்டாவது நகர்த்தல் வரை படித்துவந்தவருக்கு ஐந்தாவதிலேயே புத்தகம் தீர்ந்துபோகிறது.

ஓப்பனிங் படிப்பு இவ்வளவு பெருகியது ஒரே நாளில் அல்ல. ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ருய் லோபஸ் 1561-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே ஓப்பனிங் ஆய்வு உண்டு. அவர் பெயரில் வழங்கும் ஓப்பனிங் இன்றும் உலக சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் வருகிறது. ஜெர்மனியில் பில்கேர் தொடங்கி, அவர் இறந்தபின் வான் டெர் லாசா முடித்து, 1843-இல் வெளிவந்த கையேடு அந்த நூற்றாண்டின் ஓப்பனிங் அறிவை ஒரே இடத்தில் சேர்த்தது. 1974 முதல் பெல்கிரேடிலிருந்து வந்த ஓப்பனிங் கலைக்களஞ்சியம் எல்லாத் தொடக்கங்களையும் ஐந்து தொகுதிகளில், 500 குறியீடுகளுக்குள் அடக்கியது. 1980-களில் ஹாம்பர்க்கில் செஸ்பேஸ் மென்பொருள் வந்ததும் வேகம் மாறிப்போனது. அதற்குமுன் ஒரு நல்ல புது நகர்த்தலின் ஆயுள் மாதக்கணக்கில் இருந்தது. இன்று ஆட்டம் முடிவதற்குள்ளேயே உலகம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. இவையெல்லாம் பெரும்பாலும் உச்ச மட்டத்து ஆட்டக்காரர்களின் தேவைக்காக வளர்ந்தவை. அந்த மட்டத்தின் பழக்கம் அப்படியே கீழே இறங்கி, ரேட்டிங் இல்லாத பத்து வயதுச் சிறுவனின் மேசைக்கும் வந்துவிட்டது.

வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஓப்பனிங் படிப்பதற்கு எளிது. இத்தனை நகர்த்தல் படித்தாயிற்று, இவ்வளவு பாக்கி என்று எண்ணிக் காட்டலாம். சொல்லிக்கொடுப்பதும் எளிது, பலகையில் நகர்த்திக் காட்டி, மறுநாள் திரும்பக் கேட்டால் வகுப்பு முடிந்தது. சிசிலியன், நைடார்ஃப், கிங்ஸ் இந்தியன் என்ற பெயர்களுக்கு ஒரு கவர்ச்சியும் இருக்கிறது. மாறாக, ஒரு சிக்கலான நிலையை முன்னால் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் மூளையைக் கசக்குவது வலிக்கிற வேலை. முடிவில் விடை தப்பாகப் போகவும் கூடும். தோற்ற ஆட்டத்தை மறுபடி பார்ப்பது அதைவிடக் கசப்பு. வலிக்காத படிப்பின் பக்கம் மனம் சாய்வது இயல்புதானே. கேள்வித்தாளில் எண் மாறியதும் திகைத்து நிற்கும் மாணவனின் நிலைதான், காரணம் புரியாமல் வரிசையை மட்டும் படித்தவருக்கும்.

எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு எண்ணிலேயே பதில் சொன்ன ஒரு பெரிய ஆட்டக்காரர் உண்டு. 1894 முதல் 1921 வரை 27 ஆண்டுகள் உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர், 1920-களில் எழுதிய தம் செஸ் பாடநூலில் ஒரு கணக்கு போட்டார். ஆட்டமே தெரியாத ஓர் இளைஞரை, எந்த வல்லுநரும் காய் விட்டுக்கொடுத்து ஆட முடியாத அளவுக்குத் தேற்ற 200 மணி நேரம் போதும் என்பது அவர் கருத்து. விதிகளுக்கும் பயிற்சிக்கும் 5 மணி, அடிப்படை இறுதியாட்டங்களுக்கு 5, சில ஓப்பனிங்குகளுக்கு 10, காய்களைப் பலிகொடுத்துத் தாக்கும் கூட்டு நகர்த்தல்களுக்கு 20, நிலை பார்த்து ஆடுவதற்கு 40. மீதி 120 மணியும் ஆடுவதற்கும், ஆடியதை அலசுவதற்கும். ஓப்பனிங்குக்குக் கிடைத்தது இருபதில் ஒரு பங்கு. அவருக்குப்பின் சாம்பியனான காபபிளாங்கா 1921-இல் வெளியிட்ட அடிப்படைப் புத்தகமும் எளிய செக்மேட்டுகளிலும் சிப்பாய் இறுதியாட்டங்களிலும்தான் தொடங்குகிறது.

லாஸ்கர் காலத்து ஓப்பனிங் அறிவு இன்றைய அறிவில் ஒரு சிறு துண்டு என்பதால் அவர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று வாதிடலாம். வாதத்தில் நியாயம் உண்டு. பத்து மணி இன்று கொஞ்சம் குறைவுதான். ஆனால் அவர் கணக்கின் உயிர் பத்து என்ற எண்ணில் இல்லை, 120-இல் இருக்கிறது. தனியாகப் படிப்பதைவிட ஆடுவதற்கும், ஆடியதைத் திரும்பப் பார்ப்பதற்கும் ஒன்றரை மடங்கு நேரம் ஒதுக்கினார் அவர். இன்றைய மாணவரின் அட்டவணையில் இல்லாமல் போனது இந்தப் பகுதிதான். ஆடுவது நிறைய நடக்கிறது, அதுவும் மூன்று நிமிட ஆட்டங்களாக, அலசுவதுதான் நடப்பதில்லை.

ஓப்பனிங் எவ்வளவு வேண்டும் என்பதற்கு வரலாற்றில் கிட்டத்தட்ட ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், நிலப்பிரபு சர் உமர் ஹயாத் கானிடம் ஊழியராக இருந்தவர். சிறுவயதில் அவர் கற்றது இந்திய முறைச் சதுரங்கம். அதில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாயும் உரிமை இல்லை; கேஸ்லிங்கும் இன்றைய வடிவில் கிடையாது. ஆகவே இரு பக்கமும் அவசரமில்லாமல் தம்தம் காய்களை அடுக்கிக்கொண்டு, அப்புறம்தான் மோதும். ஐரோப்பிய விதிகளை அவர் பழகியது 1926 வாக்கில். 1928-இல் அகில இந்திய சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு எஜமானர் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். பழக்கத்துக்காக அங்கே ஒரு சிறு போட்டி ஏற்பாடு செய்தார்கள். அதில் சுல்தான் கான் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஓப்பனிங் தெரியாமல் தொடக்கத்திலேயே தடுமாறியது முக்கியக் காரணம். அதே போட்டியில் ஆடிய வில்லியம் வின்டரும் ஃபிரடெரிக் யேட்ஸும் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் கோடையிலேயே பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை வென்று எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார்.

அதன்பின் 1932, 1933 ஆண்டுகளிலும் அதே பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1930 கடைசியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபபிளாங்காவையே தோற்கடித்தார். மூன்று ஒலிம்பியாட்களில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் ஆடினார். இவ்வளவு சாதித்தபோதும் ஓப்பனிங்கில் அவர் கடைசிவரை பலவீனமானவராகவே கருதப்பட்டார். நடு ஆட்டத்திலும் இறுதியாட்டத்திலும்தான் எதிராளியைக் கரைப்பார். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-இல், இறந்து பல பத்தாண்டுகள் கழித்து. அவர் கதையை வைத்து ஓப்பனிங்கே வேண்டாம் என்று சொல்பவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். ஓப்பனிங் சுத்தமாகத் தெரியாதபோது அவர் கடைசி இடத்தில் இருந்தார். அடிபடாமல் நடு ஆட்டத்துக்குப் போய்ச்சேரும் அளவுக்குத் தெரிந்ததும் முதல் இடத்துக்கு வந்தார். அந்த அளவை எட்டச் சில மாதங்களே ஆயின. அதற்குமேல் படிக்காததால் அவர் இழந்தது என்ன என்பது அவரைவிட வலிமையான எதிராளிகளிடம்தான் தெரிந்திருக்கும்.

இன்றைய ஆட்டக்காரர் தமக்கு எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. கடைசியாக ஆடிய இருபது நீண்ட ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பதினைந்தாவது நகர்த்தலில் நிலை எப்படி இருந்தது என்று பார்த்தால் போதும். என்ஜினிடம் கேட்டால் அது ஒரு மதிப்பெண் சொல்லும். அரைச் சிப்பாய் அளவுக்குள் ஏற்றத்தாழ்வு இருந்தால் ஓப்பனிங் தன் வேலையைச் செய்துவிட்டது. அதன்பிறகு வந்த தோல்விக்கு அதன்மேல் பழிபோட முடியாது. இருபதில் இரண்டோ மூன்றோ மட்டும் தொடக்கத்திலேயே கெட்டுப்போயிருந்தால் ஓப்பனிங் படிப்பை இன்னும் குறைக்கலாம். ஏழெட்டு அப்படி என்றால் கூட்டத்தான் வேண்டும். கடிகாரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நிலை சமமாக இருந்தும், தொண்ணூறு நிமிடத்தில் ஐம்பது நிமிடம் பன்னிரண்டாவது நகர்த்தலுக்குள் கரைந்துபோயிருந்தால் அதுவும் ஓப்பனிங் குறைபாடுதான். பெரும்பாலான கிளப் ஆட்டக்காரர்களுக்கு இந்தச் சோதனை சங்கடமான விடையைத் தரும். பதினைந்தாவது நகர்த்தலில் நன்றாகத்தான் இருந்திருப்பார்கள்; இருபத்தைந்தாவதில் ஒரு குதிரையைச் சும்மா கொடுத்திருப்பார்கள்.

தொடக்க நிலையில் இருப்பவருக்கு, அதாவது ஃபிடே ரேட்டிங் இன்னும் வராதவருக்கு, படிப்பு நேரத்தில் பத்தில் ஒரு பங்கு தாராளம். (2024 மார்ச் முதல் ஃபிடே ரேட்டிங்கின் கீழ் எல்லையே 1,400 என்று ஆகிவிட்டது, ஆகவே இந்தக் கூட்டம் பெரிது.) அந்தப் பங்குக்குள் அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் கட்டாயமானவை. ராணியும் பிஷப்பும் சேர்ந்து நான்கே நகர்த்தலில் செக்மேட் செய்யும் பழைய தந்திரத்தை எப்படித் தடுப்பது என்று தெரியவேண்டும். இத்தாலியன் வகை ஆட்டத்தில் வெள்ளையின் குதிரை முன்னேறிவந்து ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைக் குறிவைக்கும்போது என்ன செய்வது என்று தெரியவேண்டும். ஃப்ரைட் லிவர் என்ற இந்தத் தாக்குதலில் சிறுவர் போட்டிகளில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். கறுப்பு தன் சிப்பாயை நடுவில் தள்ளி, வெள்ளை அதை வெட்டியதும், உடனே குதிரையால் திரும்ப வெட்டத் துடிக்கும் கையை அடக்கிக்கொண்டு, மற்றக் குதிரையை ஓரத்துக்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்கவேண்டும். குதிரையை ஓரத்தில் வைக்காதே என்ற பாடத்துக்கு இது விதிவிலக்கு. காரணத்தோடு கற்றால் மறக்காது. இந்த மட்டத்தில் மீதி நேரம் முழுவதும் பசில்களுக்கும், ராஜா-சிப்பாய் இறுதியாட்டத்துக்கும், சொந்த ஆட்டங்களுக்கும்.

ரேட்டிங் 1,400-க்கும் 1,800-க்கும் நடுவில் உள்ளவருக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம். 1,800-ஐத் தாண்டியவருக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. எதிராளிகள் இந்தக் கட்டத்தில்தான் உருப்படியான நகர்த்தல்களை உருப்படியான வரிசையில் ஆடத் தொடங்குகிறார்கள். படித்தது பலகையில் வரும் வாய்ப்பும் இப்போதுதான் கூடுகிறது. சர்வதேச மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர் மட்டத்தில் பாதி நேரத்துக்குமேல் ஓப்பனிங்குக்குப் போவதில் ஆச்சரியமில்லை. அங்கே எதிராளி இருபதாவது நகர்த்தலிலும் தவறு செய்யமாட்டார். அவர் கடிகாரத்தை ஓடவைக்கவேனும் புதிதாக ஒன்று வேண்டும். இந்தப் பங்குகள் எந்தச் சட்டத்திலும் இல்லை. மேலே சொன்ன இருபது ஆட்டச் சோதனை வேறு விடை சொன்னால், சோதனையைத்தான் நம்பவேண்டும்.

நேரம் எவ்வளவு என்பதைவிட, அந்த நேரத்தில் படிப்பது என்ன என்பது பெரிய விஷயம். ஓப்பனிங்கைச் சிப்பாய் அமைப்பாகப் படித்தவருக்கு அந்த நேரம் நடு ஆட்டப் படிப்பாகவும் ஆகிவிடுகிறது. குயின்ஸ் காம்பிட்டில் நடுச் சிப்பாய்களை மாற்றிக்கொள்ளும் கிளை நல்ல உதாரணம். மாற்றியபின் ராணி பக்கத்தில் வெள்ளைக்கு இரண்டு சிப்பாய், கறுப்புக்கு மூன்று. வெள்ளை தன் இரண்டில் ஒன்றை இரண்டு கட்டம், மூன்று கட்டம் என்று முன்னேற்றி, கறுப்பின் மூன்றோடு மோதவிடுகிறது. மோதல் முடிந்ததும் கறுப்பின் பக்கத்தில் துணையில்லாத ஒரு சிப்பாய் பலவீனமாக நிற்கும். அதை யானைகள் முற்றுகையிடும். எண்ணிக்கையில் குறைந்தது கூடுதலைத் தாக்குவதால் இதற்குச் சிறுபான்மைத் தாக்குதல் என்று பெயர். இந்தத் திட்டத்தைப் புரிந்துகொண்டவருக்கு எட்டாவது நகர்த்தலில் எதிராளி வரிசையை மாற்றினாலும் கவலையில்லை. காரோ-கான் ஓப்பனிங்கின் மாற்றுக் கிளையில் இதே அமைப்பு நிறம் மாறி வருகிறது. அங்கே கறுப்பு அதே திட்டத்தைக் கையாளலாம்.

நடுவில் தனியாக நிற்கும் ராணிச் சிப்பாய் அமைப்பு இன்னும் பரவலானது. குயின்ஸ் காம்பிட்டில் சிப்பாயை ஏற்றுக்கொள்ளும் ஆட்டத்திலும், நிம்சோ-இந்தியனிலும், காரோ-கானின் பனோவ் தாக்குதலிலும், சிசிலியனின் ஒரு கிளையிலும் அது தலைகாட்டும். தனிச் சிப்பாய் உள்ளவர் காய்களை வைத்துக்கொண்டு தாக்கப் பார்ப்பார். சமயம் பார்த்து அந்தச் சிப்பாயை முன்னே தள்ளி உடைப்பார். எதிர்ப்பக்கம் அதன் முன்கட்டத்தில் ஒரு குதிரையை உட்காரவைத்து, மற்றக் காய்களை ஒவ்வொன்றாக மாற்றி, இறுதியாட்டத்தில் அந்தச் சிப்பாயைப் பறிக்கப் பார்க்கும். இந்த ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் கொடுத்தால் நான்கு ஓப்பனிங்குகளுக்குப் பலன் உண்டு. நான்கையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய நான்கு மாதம் போகும், அடுத்த ஆண்டு மறந்தும் போகும்.

கைவசம் எத்தனை ஓப்பனிங் வேண்டும் என்பதற்கு விடை எளிது. வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில், ராஜா சிப்பாய் வந்தால் ஒன்று, ராணிச் சிப்பாய் வந்தால் ஒன்று. இரண்டு மூன்று ஆண்டுகள் இவற்றையே ஆடவேண்டும். தோற்கும்போதெல்லாம் ஓப்பனிங்கை மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் முதல் வகுப்பில் சேர்கிறார். தேர்வு செய்யும்போது பராமரிப்புச் செலவையும் நினைக்கவேண்டும். நைடார்ஃப், டிராகன் போன்ற சிசிலியன் கிளைகளில் ஒரு நகர்த்தலை மறந்தால் ராஜாவே பறிபோகும். அவற்றை ஆடுபவர் படிப்பை நிறுத்தவே முடியாது. வேலைக்குப் போய்க்கொண்டு வார இறுதியில் மட்டும் ஆடுபவருக்கு லண்டன் சிஸ்டம் போன்ற அமைதியான அமைப்பு பொருந்தும். எதிராளி எப்படி ஆடினாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி காய்களை அடுக்கலாம். சலிப்பான ஆட்டம் என்று அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. 2023-இல் அஸ்தானாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரென் அதை வைத்தே நெபோம்னியாச்சியை வென்றார். ஆனால் பத்து வயதிலேயே இந்தச் சௌகரியத்துக்குள் குடியேறும் குழந்தை பலவகை நிலைகளைப் பார்க்காமலே வளரும், அது நல்லதல்ல.

உச்ச மட்டத்தில் ஓப்பனிங் தயாரிப்பு ஒரு பட்டத்தையே தீர்மானித்த கதைகள் உண்டு. 1995-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடியில் காஸ்பரோவும் ஆனந்தும் மோதினார்கள். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் வென்று முன்னிலை பெற்றார். பத்தாவது ஆட்டத்தில் ஸ்பானிஷ் ஓப்பனிங்கின் ஒரு கிளையில் காஸ்பரோவ் யானையையே கொடுக்கும் ஒரு புதிய யோசனையை இறக்கினார், 14-ஆவது நகர்த்தலில். வீட்டில் தயாரித்தது அது. ஆனந்த் பலகையில் உட்கார்ந்து விடை தேடவேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தையும், முடிவில் 10.5–7.5 என்று பட்டப் போட்டியையும் காஸ்பரோவ் வென்றார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து பான் நகரில் ஆனந்த் அதே ஆயுதத்தைக் கிராம்னிக்கின்மேல் பிரயோகித்தார். காலமெல்லாம் ராஜா சிப்பாயை முதலில் நகர்த்திவந்தவர் ராணிச் சிப்பாய்க்கு மாறினார். கறுப்பில் மெரான் என்ற கூர்மையான கிளையில் மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களை வென்றார்; போட்டி 6.5–4.5. அதற்குப் பின்னால் நீல்சன், காசிம்ஜானோவ், சூர்ய சேகர் கங்குலி, வோய்டாஷெக் ஆகிய நால்வரின் பல மாத உழைப்பு இருந்தது.

இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் சாதாரண ஆட்டக்காரர் மயங்குகிறார். அதே உச்சத்தில் எதிர்க்கதைகளும் இருக்கின்றன. 2000-இல் லண்டனில் கிராம்னிக் எடுத்துவந்த பெர்லின் தற்காப்பில் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெளியேறிவிடும். காஸ்பரோவின் தாக்குதல் தயாரிப்பு அத்தனையும் வீணாகி, அவர் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் பட்டத்தை இழந்தார். அதுவும் ஓப்பனிங் தயாரிப்புதான். ஓப்பனிங்கில் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் தயாரிப்பு. 2013 சென்னையில் கார்ல்சன் இதை இன்னும் கொஞ்சம் நீட்டினார். ஓப்பனிங்கில் பெரிய லாபம் எதையும் அவர் தேடவில்லை. ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்கள் இரண்டையும் யானை இறுதியாட்டத்தில் மணிக்கணக்கில் பிழிந்து வென்றார். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் கூர்மையான தாக்குதலோடு வந்தார். 28-ஆவது நகர்த்தலில் குதிரையைத் தவறான இடத்துக்கு எடுத்ததும் அதுவும் முடிந்தது.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆன கடைசி ஆட்டமும் இதே வகை. குகேஷ், எதிராளி டிங் லிரென் இருவருக்கும் ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். டிராவாக வேண்டிய நிலை. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். குகேஷ் யானையை வெட்டினார். பிறகு பிஷப்பையும் தப்பவிடாமல் மாற்றிக்கொள்ள வழி இருந்தது. மிஞ்சிய ராஜா-சிப்பாய் ஆட்டத்தில் கூடுதல் சிப்பாய் வென்றது. இரு அணிகளும் மாதக்கணக்கில் உழைத்த ஓப்பனிங் கோப்புகள் தீராத வழக்கை, செஸ் வகுப்பின் முதல் ஆண்டுப் பாடம் தீர்த்துவைத்தது.

குகேஷின் ஆரம்பகாலப் பயிற்சியும் இந்தக் கணக்கோடு தொடர்புடையது. சென்னை கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னாவிடம் பயின்ற காலத்தில், கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைக்கும்வரை அவர் என்ஜின் உதவியின்றியே படித்தார். 2019-இல், 12 வயதில் அந்தப் பட்டம் வந்தது. என்ஜின் இல்லாதபோது ஓப்பனிங்கில் நீண்ட வரிசைகளை உருப்போட முடியாது. ஒவ்வொரு நிலையையும் சொந்தமாகக் கணக்கிட்டே ஆகவேண்டும். இது எல்லோருக்கும் பொருந்தும் வழி என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் என்ஜின் தரும் விடையை முதலில் பார்த்துவிடும் பழக்கம் எவ்வளவு சிந்தனையைத் தின்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. இன்னொன்று, ஓப்பனிங் அறிவுக்குக் காலாவதித் தேதி உண்டு. யானை இறுதியாட்டத்தில் எதிரியின் ராஜாவை மூன்றாம் வரிசையில் தடுத்து நிறுத்தி டிரா செய்யும் ஃபிலிடோரின் முறை 1777-இல் அச்சானது. இன்றும் ஓர் எழுத்து மாறவில்லை. அதே ஆயுள் எந்த ஓப்பனிங் புத்தகத்துக்கும் கிடையாது.

நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒரு பள்ளி மாணவரை எடுத்துக்கொண்டால், வாரம் ஏழு மணி. அதில் மூன்று மணி நீண்ட ஆட்டங்களை ஆடவும் அலசவும், இரண்டு மணி பசில்களுக்கு, ஒரு மணி இறுதியாட்டத்துக்கு, ஒரு மணி ஓப்பனிங்குக்கு என்று பிரிக்கலாம். அந்த ஒரு மணியையும் ஒரே நாளில் உட்கார்ந்து தீர்க்கவேண்டியதில்லை. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் போதும். ஆட்டத்தில் யார் முதலில் புத்தகத்தைவிட்டு விலகினார், விலகிய இடத்தில் ஆடியிருக்கவேண்டியது என்ன, ஏன் என்று மூன்றையும் பார்த்து, அந்த ஒரு நகர்த்தலை நோட்டில் எழுதிவைத்தால் அன்றைய ஓப்பனிங் பாடம் முடிந்தது. அடுத்த முறை அதே நிலை வந்தால் ஒரு நகர்த்தல் கூடுதலாகத் தெரிந்திருக்கும். இப்படி வளரும் ஓப்பனிங் அறிவு மெதுவாகத்தான் வளரும். ஆனால் பலகையில் உண்மையாக வந்த நிலைகளை மட்டுமே கொண்டிருக்கும். எண்பது ஆட்டம் ஆடிய ஒருவரின் நோட்டு, அவர் வாங்கிய எந்தப் புத்தகத்தைவிடவும் அவருக்குப் பொருத்தமானது.

போட்டி நெருங்கும்போது மட்டும் விகிதம் கொஞ்சம் மாறலாம். முந்தைய வாரத்தில் கைவசமுள்ள மூன்று ஓப்பனிங்குகளையும் ஒருமுறை புரட்டிப்பார்ப்பது நல்லது; புதிதாக ஒன்றைத் தொடங்குவது ஆபத்து. நீண்ட நேர ஆட்டங்களில் யாரோடு யார் மோதுவது என்ற பேரிங் முந்தின இரவே வந்துவிட்டால், எதிராளியின் பழைய ஆட்டங்களை இணையத்தில் அரை மணி நேரம் பார்த்து, அவர் வழக்கமாக எந்த முதல் நகர்த்தலை ஆடுகிறார், எந்த அமைப்பில் தோற்றிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அதற்குமேல் விழித்திருந்து படிப்பது மறுநாள் நான்காவது மணி நேரத்தில் கண்ணைக் கட்டும். ஒரே நாளில் பல சுற்றுகள் நடக்கும் ரேபிட் போட்டிகளில் சுற்றுக்குச் சில நிமிடம் முன்புதான் பேரிங் ஒட்டுவார்கள். அங்கே எதிராளிக்கென்று தயாரிக்க வழியே இல்லை. சுற்றுகளுக்கு நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுச் சற்று நடந்துவருவது எந்த லைனையும்விட அதிகப் புள்ளிகளைத் தரும்.